காற்றில் கரியமில வாயு: சென்சார் காட்டும் எண்ணும் மௌனா லோவா எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை?

#1 மாடிவானிலை

திறந்த வெளியில், நிழலில், மழை படாத பெட்டிக்குள் எம்எச்-இசட்19 வகை அகச்சிவப்பு சென்சார் வைத்து எடுத்த பத்து மாத அளவுகள் கையில் இருக்கின்றன. பிற்பகலில் 400 முதல் 415 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), விடியற்காலையில் 480 முதல் 510. ஹவாயில் உள்ள மௌனா லோவா அளவீட்டு நிலையத்தின் மாதச் சராசரியோ 425-ஐ ஒட்டி நிற்கிறது. கேள்விகள் மூன்று.

ஒன்று, எதை நம்புவது? இரண்டு, பத்து மாதமும் தினசரிக் குறைந்தபட்சம் 400-லேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்? மூன்று, ஆண்டுக்கு 2.5 பிபிஎம் கூடுகிறது என்கிறார்களே, அந்த உயர்வை இந்தக் கருவியில் பார்க்க வழி உண்டா?

#2 பற்றாசு

இரண்டாவது கேள்வியில்தான் மற்ற இரண்டுக்கும் பாதி விடை இருக்கிறது, அதனால் அதை முதலில் எடுக்கிறேன்.

400-ல் ஒட்டுவது காற்றின் குணமல்ல, சென்சாரின் மென்பொருள் செய்யும் வேலை. ஏபிசி எனப்படும் தானியங்கி அடிக்கோட்டுத் திருத்தம், குறிப்பிட்ட கால இடைவெளியில் பதிவான மிகக் குறைந்த அளவை எடுத்து "இதுதான் வெளிக்காற்று, இது 400" என்று வைத்துக்கொள்ளும். உங்கள் வகையில் அந்த இடைவெளி 24 மணி நேரம், வேறு சிலவற்றில் ஏழெட்டு நாள். மூடிய அறைகளுக்காகச் செய்த ஏற்பாடு இது. சென்சாருக்குள் இருக்கும் விளக்கு மங்குவதால் வரும் நகர்வை ஈடுகட்ட அங்கே நன்றாக உதவும். வெளிக்காற்றின் உயர்வை அளக்க வைத்தால், எதை அளக்க வந்தோமோ அதையே ஒவ்வொரு நாளும் அழித்துவிடும். உலகக் காற்று 450-க்குப் போனாலும் உங்கள் வரைபடம் 400-லிருந்தே தொடங்கும்.

நிறுத்தும் முறை: 9600 வேகத் தொடர் இணைப்பில் ஒன்பது பைட் கட்டளை அனுப்ப வேண்டும். பதினாறடிமானத்தில் மூன்றாவது பைட் 79, நான்காவது 00, கடைசிச் சரிபார்ப்பு பைட் 86. நிறுத்திய பிறகு சில நாட்களுக்கு அடிக்கோடு மெதுவாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அது சென்சாரின் உண்மையான நகர்வு, அதை நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.

இதே வகையில் கையால் செய்யும் திருத்தமும் 400-ஐத்தான் இலக்காக வைக்கும். காற்றோட்டமான இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டுத் திருத்தினாலும், உண்மையான 425-க்கு 400 என்று பெயர் வைத்ததாகிவிடும். வித்தியாசத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ளுங்கள். எஸ்சிடி30 போன்ற வேறு வகைச் சென்சார்களில் இலக்கு எண்ணை நாமே கொடுக்கலாம், அது வசதி. எந்த வகையானாலும் திருத்தும் நேரத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 விழுக்காடு, அதாவது 40,000 பிபிஎம் இருக்கிறது. ஒரு மூச்சு பெட்டிக்குள் போனாலே திருத்தம் கெட்டுவிடும்.

இன்னொன்று. "சமான கரியமில வாயு" காட்டும் மலிவான சில்லுகளை யாரும் இதற்கு வாங்க வேண்டாம். அவை கரிம ஆவிகளை அளந்து, அதிலிருந்து ஒரு எண்ணை ஊகித்துச் சொல்பவை. கரியமில வாயுவையே பார்ப்பதில்லை.

#3 காற்றளவி

பற்றாசு சொன்னதோடு காற்றழுத்தத்தையும் சேர்க்க வேண்டும். வெளிநிலையங்களில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான்.

இந்தச் சென்சார் 4.26 மைக்ரான் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி மறைகிறது என்று பார்க்கிறது. மறைவு, ஒளிப்பாதையில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பிபிஎம் என்பதோ விகிதம். அழுத்தம் குறைந்தால் விகிதம் மாறாமலே மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும், சென்சார் அதைக் கரியமில வாயு குறைந்ததாகப் படிக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் அழுத்தம் ஏறத்தாழ 910 ஹெக்டோபாஸ்கல். அங்கே உண்மையான 425, சுமார் 380 என்று தெரியும். ஒரே இடத்தில் வைத்திருந்தாலும், தாழ்வு மண்டலம் கடக்கையில் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அளவு 4 பிபிஎம் இறங்கும். ஓராண்டு உயர்வைவிட அது பெரிது.

முதல்நிலைத் திருத்தம் எளிது: காட்டும் அளவை 1013-ஆல் (கடல் மட்டத்துச் சராசரி அழுத்தம்) பெருக்கி, அந்த நேரத்து அழுத்தத்தால் வகுக்கவும். அழுத்தம் கூடும்போது உறிஞ்சுகோடுகள் அகலமாவதால் உண்மையான மாற்றம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தக் கெழுவை உங்கள் சென்சாரின் தரவிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கூடவே ஓர் அழுத்தமானி வையுங்கள்.

அடுத்தது நீராவி. உலக நிலையங்கள் சொல்வது உலர்ந்த காற்றில் உள்ள விகிதம். 25 பாகை வெப்பத்தில் காற்று கிட்டத்தட்ட நிறைவுற்றிருந்தால் அதில் 3 விழுக்காடு நீராவி. உலர்ந்த காற்றின் 425, அந்த ஈரக்காற்றில் 412 ஆகிவிடும். இது ஐந்து ஆண்டு உயர்வுக்குச் சமம். ஈர அளவை (1 − நீராவிப் பங்கு) என்பதால் வகுத்தால் உலர் அளவு கிடைக்கும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். இவ்வகைச் சென்சாருக்கு உற்பத்தியாளர் தரும் துல்லியம், நல்ல மாடலில்கூட, 30 பிபிஎம் கூட்டல் அளவின் 3 விழுக்காடு. 425-ல் அது ஏறத்தாழ 43. மௌனா லோவாவின் 2006 ஆண்டுச் சராசரி சுமார் 382, 2024-இன் சராசரி 424.6. பதினெட்டு ஆண்டு உயர்வு முழுவதும் இந்தச் சென்சாரின் பிழைவீச்சுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே உங்கள் எண்ணை மௌனா லோவா எண்ணோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். நாளுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தைப் படிக்க இது அருமையான கருவி. பல்லாண்டுப் போக்கைச் சொல்ல இதற்குத் தகுதி இல்லை.

#4 மாடிவானிலை

ஏபிசி-யை நிறுத்திவிட்டேன், அழுத்தமானியும் சேர்த்தாயிற்று. விடியற்காலை 500 சென்சார் பிழையா, உண்மையா?

#5 காற்றளவி

உண்மைதான். இரவில் செடிகொடிகளும் மண் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுகின்றன, ஒளிச்சேர்க்கை இல்லை. தரை குளிர்வதால் அதை ஒட்டிய காற்று கனத்து அடியிலேயே தங்கிவிடும், மேலே கலக்காது. வெளிவந்ததெல்லாம் நூறு இருநூறு மீட்டர் தடிமனுள்ள அடுக்குக்குள் சேர்கிறது. வெயில் ஏறியதும் தரை சூடாகி, காற்று ஓரிரு கிலோமீட்டர் உயரம்வரை புரளும். இலைகளும் உறிஞ்சத் தொடங்கும். சமதரையில் பின்னணிக் காற்றுக்கு ஓரளவு நெருக்கமாக வருவது பிற்பகல் 1 முதல் 4 மணி வரை, அதுவும் காற்று வீசும் நாட்களில் மட்டும்.

மௌனா லோவாவில் இது தலைகீழ். நிலையம் ஹவாயில் 3,400 மீட்டர் உயரத்தில், எரிமலைச் சரிவில் இருக்கிறது. பகலில் சூடான காற்று அடிவாரத்துச் செடிகளைத் தொட்டு மேலேறி வரும். இரவில் மேல்வளிமண்டலக் காற்று சரிவில் இறங்கும், அதுதான் தூயது. அங்கே வடிகட்டும் முறையைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை பிறக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அளவுகளின் சிதறல் 0.3 பிபிஎம்-க்கு மேல் போனால் அந்த மணி நேரம் கணக்கில் வராது. அடுத்தடுத்த மணிகளுக்கு இடையில் 0.25-க்கு மேல் தாவினாலும் ஐயத்துக்குரியது என்று ஒதுக்கப்படும். எரிமலை வாயில் கசியும் வாயு வந்தால் அளவு திடீரென்று தாவித் துள்ளும், இந்தச் சல்லடையில் அது தானாகச் சிக்கிக்கொள்ளும். "எரிமலை மேல் உட்கார்ந்து அளக்கிறார்கள்" என்ற ஆட்சேபத்துக்கு விடை இதுவே. தென்துருவத்தில் எரிமலையும் இல்லை, காடும் இல்லை. அங்கும் அதே உயர்வு பதிவாகிறது.

அமெரிக்க அறிவியலாளர் சார்ல்ஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் அங்கே தொடங்கியபோது அளவு 313. 2025 மே மாதச் சராசரி முதன்முறையாக 430-ஐத் தாண்டியது. ஆனால் 313-ஐயும் 430-ஐயும் அப்படியே கழிப்பது சரியில்லை. வடகோளத்துக் காடுகள் இலைவிடுவதால் ஆண்டுக்குள்ளேயே ஓர் அலை இருக்கிறது. மே மாதம் உச்சம், செப்டம்பர்-அக்டோபர் தாழ்வு, இடையில் 6 முதல் 7 பிபிஎம். மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள், அல்லது முழு ஆண்டுச் சராசரிகளை எடுங்கள். செப்டம்பர் வந்ததும் "கரியமில வாயு குறைந்துவிட்டது" என்று எழுதுபவர்கள் இந்த அலையைத்தான் பார்க்கிறார்கள்.

#6 பற்றாசு

குறிப்பு வாயு உருளை (கரியமில வாயு அளவு துல்லியமாகத் தெரிந்த காற்று நிரப்பியது) வாங்கி, காற்றை உலர்த்தி, குழாய் வழியாக இழுத்து அளந்தால் எவ்வளவு தூரம் போகலாம்? கல்லூரி ஆய்வகம் ஒன்று முயன்றால் எதிலெல்லாம் சறுக்கும் என்று சொல்ல முடியுமா?

#7 காற்றளவி

நல்ல பகுப்பி இருந்தால் 1 பிபிஎம்-க்குள் வரலாம். சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

குழாய்: சிலிக்கோன் குழாய் கூடவே கூடாது. கரியமில வாயு அதன் சுவர் வழியாகவே ஊடுருவும். துருப்பிடிக்கா எஃகு, அல்லது உள்ளே அலுமினியப் படலம் உள்ள நெகிழிக் குழாய் போடுங்கள். கசிவு பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு மூட்டின் அருகிலும் மூச்சுவிட்டுப் பாருங்கள். அளவு துள்ளினால் அந்த மூட்டில் கசிவு.

உலர்த்துதல்: சிலிக்கா ஜெல்லும் மூலக்கூறு சல்லடையும் நீராவியோடு கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும், சூடேறும்போது திரும்ப விடும். காற்றில் இல்லாத அலைகள் வரைபடத்தில் தோன்றும். மெக்னீசியம் பெர்குளோரேட் கரியமில வாயுவைத் தொடாது. ஆனால் அது வலுவான ஆக்சிஜனேற்றி, எண்ணெய், காகிதம், பஞ்சு எதன் அருகிலும் வைக்கக் கூடாது. நீராவியை உறையவைத்துப் பிடிக்கும் குளிர்பொறி வைக்க முடிந்தால் அதுவே மேல். நீராவியை மட்டும் கடத்தும் சவ்வுக் குழாயும் நல்ல வழி.

உருளை: அலுமினிய உருளையே வேண்டும். எஃகின் உட்சுவரில் அளவு காலப்போக்கில் நகரும். அழுத்தம் 20 பார் அளவுக்கு இறங்கியதும் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். சுவரில் ஒட்டியிருந்த மூலக்கூறுகள் குறைந்த அழுத்தத்தில் கழன்று வந்து அளவைக் கூட்டும். அழுத்தச் சீராக்கியைப் புதிதாய் மாட்டினால் குறைந்தது மூன்று முறை நிரப்பி வெளியேற்றிவிட்டு அளக்கவும்.

குறைந்தது இரண்டு உருளைகள் வேண்டும், ஒன்று 400-க்குக் கீழே, மற்றது 450 அருகில். அளக்கும் காற்று இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். ஒற்றை உருளையை வைத்துத் திருத்தினால் சாய்வுப் பிழை (அளவு மாற மாறக் கூடியோ குறைந்தோ போகும் பிழை) தெரியாமலே போகும்.

உலக வானிலை அமைப்பு தன் நிலையங்களுக்குள் எதிர்பார்க்கும் ஒத்திசைவு வடகோளத்தில் 0.1 பிபிஎம், தென்கோளத்தில் 0.05. பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு! அதற்காகத்தான் இத்தனை பாடு.

#8 ஏன்எதற்கு

அளவு கூடுகிறது என்பதை ஏற்கிறேன். கடலும் காடும் மண்ணும் வெளிவிடுவது மனிதர்கள் எரிப்பதைவிடப் பல மடங்கு என்று படித்தேன். அப்படியிருக்க உயர்வுக்கு எரிபொருள்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

#9 கார்பன்கணக்கு

நியாயமான கேள்வி. நீங்கள் படித்தது சரி, ஆனால் பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

முதலில் அலகு. வளிமண்டலத்தின் நிறை சுமார் 5.15 × 10¹⁸ கிலோ. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 28.97. வகுத்தால் 1.78 × 10²⁰ மோல். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை எடுத்து 44-ஆல் பெருக்கினால் 7.8 × 10¹⁵ கிராம். ஆக, 1 பிபிஎம் என்பது 780 கோடி டன் கரியமில வாயு. கார்பனாகச் சொன்னால் 213 கோடி டன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இணையத்தில் காணும் பிழைகளில் முக்கால்வாசி. ஒன்றிலிருந்து மற்றதற்கு 3.67 மடங்கு.

புதைபடிவ எரிபொருளும் சிமெண்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் தருகின்றன. காடழிப்பு உள்ளிட்ட நிலப்பயன்பாட்டு மாற்றம் ஏறத்தாழ 400 கோடி. கூட்டினால் 4,100 கோடி, 780 கோடியால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 5.3 பிபிஎம் ஏறியிருக்க வேண்டும். உண்மையில் ஏறுவது அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதி எங்கே? கடலும் நிலத் தாவரங்களும் எடுத்துக்கொண்டன. இயற்கை வெளிவிடுவதும் பெரிது, உள்வாங்குவதும் பெரிது. நிகரக் கணக்கில் அது உறிஞ்சும் பக்கத்தில் நிற்கிறது. நிகரமாக எடுத்துக்கொள்ளும் ஒன்று உயர்வுக்குக் காரணமாக முடியாது.

இந்தக் கணக்கு ஒன்றே போதும் என்பது என் எண்ணம். போதாதென்றால் மூன்று தனித்தனித் தடயங்கள்:

செடிகள் கார்பன்-13-ஐவிட இலேசான கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிரினங்களிலிருந்து வந்தவை, ஆகவே அவற்றில் கார்பன்-13 குறைவு. காற்றில் அதன் விகிதம், ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் பங்கு அளவில், தொழிற்புரட்சிக்கு முன் −6.5 அருகில் இருந்தது, இப்போது −8.5 அருகில்.

கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த எரிபொருளில் அது துளியும் மிஞ்சாது. அந்தக் கார்பன் கலக்கக் கலக்கக் காற்றின் கார்பன்-14 நீர்த்துப்போகிறது. இடையில் 1950-60-களின் அணுகுண்டுச் சோதனைகள் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின, அதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆக்சிஜன். எரிந்தால் ஆக்சிஜன் செலவாகும். அது ஆண்டுக்குச் சுமார் 4 பிபிஎம் குறைந்து வருவதை, சார்ல்ஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1989 முதல் அளந்து வருகிறார். மொத்தம் 20.95 விழுக்காடு இருப்பதால் மூச்சுக்கு ஆபத்தில்லை. ஆனால் வாயு கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ வந்திருந்தால் இந்தக் குறைவு இருந்திருக்காது. எரிமலைகளின் பங்கு மனித வெளியீட்டில் 1 விழுக்காட்டுக்கும் கீழ்தான்.

#10 ஏன்எதற்கு

கணக்கு புரிந்தது, நன்றி. பழைய காலத்து அளவு எப்படித் தெரியும்? பனிக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழியில் வாயு மாறாமல் இருக்குமா?

#11 உறைபனி

எல்லாப் பனியிலும் இருக்காது, அதனால்தான் அண்டார்க்டிகா. கிரீன்லாந்துப் பனியில் சுண்ணாம்புத் தூசி அதிகம். அமிலத்தோடு சேர்ந்து பனிக்குள்ளேயே கரியமில வாயு உண்டாகும். அங்கே எடுத்த கரியமில வாயு அளவுகளை யாரும் ஆதாரமாகக் கொள்வதில்லை. அண்டார்க்டிகாவிலும் பனியை உருக்க மாட்டார்கள், வெற்றிடத்தில், உறைநிலைக்கு வெகு கீழே, நொறுக்கி எடுப்பார்கள். உருக்கினால் வாயு நீரில் கரையும், கார்பனேட்டும் வினைபுரியும்.

வயதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெய்த பனி இறுகிக் குமிழி மூடிக்கொள்வது 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில். அதுவரை மேற்காற்று உள்ளே போய்வரும். ஆகவே குமிழியிலுள்ள காற்று சுற்றியுள்ள பனியைவிட இளையது, இடத்துக்கு ஏற்ப நூற்றாண்டுகள் முதல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள்வரை. இந்தத் திருத்தம் செய்யாத வரைபடத்தை வைத்துக்கொண்டு "வெப்பம் முந்தியது, வாயு பிந்தியது" என்று அளந்து சொல்லக் கூடாது.

அண்டார்க்டிகாவில் பனியைத் துளைத்து எடுத்தவற்றில் வாஸ்டாக் துளை 4,20,000 ஆண்டு பின்னோக்கிப் போகிறது, டோம் சி 8,00,000 ஆண்டு. அவ்வளவு காலமும் அளவு 170-களுக்கும் 300-க்கும் இடையிலேயே ஊசலாடியது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது சுமார் 80 பிபிஎம் ஏற ஏறக்குறைய 7,000 ஆண்டு பிடித்தது. 1958-க்குப் பின் அதைவிட அதிகமாக ஏறியாயிற்று. பனியளவு நம்பத்தக்கதா என்பதற்கு அண்டார்க்டிகாவின் லா டோம் பனியே சான்று. பனி வேகமாகச் சேரும் அந்த இடத்தின் அளவுகள், நேரடியாகக் காற்றில் எடுத்த அளவுகளின் காலத்தோடு மேற்பொருந்துகின்றன. இரண்டும் ஒரே கோட்டில் விழுகின்றன.

#12 ஏன்எதற்கு

0.04 விழுக்காடு வாயு இவ்வளவு செய்யுமா என்பது கடைசி ஐயம். ஏற்கெனவே அந்த அலைநீளம் முழுக்க மறைந்துவிட்டது, இனி சேர்த்தாலும் மாற்றமில்லை என்கிறார்களே?

#13 கார்பன்கணக்கு

மீதி 99 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் மூன்றும் பூமி வெளிவிடும் வெப்பக்கதிரைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. தடுக்கும் வேலை மொத்தமும் சிறு பங்கு வாயுக்களுடையது. விழுக்காட்டைப் பார்த்து எடைபோடுவது பொருந்தாது.

நிறைவுற்றது என்ற வாதம், பூமியின் வெப்பக்கதிரைக் கரியமில வாயு தடுக்கும் 15 மைக்ரான் பட்டையின் நடுப்பகுதிக்குப் பொருந்தும், ஓரங்களுக்குப் பொருந்தாது. வாயு கூடக் கூட ஓரங்களும் மறைகின்றன. கதிர் விண்வெளிக்குத் தப்பிப் போகும் மட்டமும் இன்னும் உயரே, குளிர்ந்த காற்றுக்குத் தள்ளப்படுகிறது. குளிர்ந்த இடம் குறைவாகவே கதிர்வீசும். அதனால்தான் விளைவு நேர்விகிதத்தில் இல்லாமல் மடக்கை விகிதத்தில் போகிறது: 5.35 பெருக்கல் அளவுகளின் விகிதத்தின் இயல் மடக்கை. 280-லிருந்து 425-க்குச் சதுர மீட்டருக்கு 2.2 வாட். இரட்டித்தால் 3.7. "முதல் நூறு பிபிஎம் செய்ததை அடுத்த நூறு செய்யாது" என்பது சரி, "இனி ஒன்றும் செய்யாது" என்பது தவறு.

#14 அலைகடல்

பாதியைக் கடலும் நிலமும் எடுத்துக்கொள்கின்றன என்று படித்துவிட்டு யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அந்தப் பாதி என்றும் பாதியாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை.

கடல்நீரில் கரையும் வாயு கார்பனேட் அயனியோடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. கார்பனேட் செலவாகச் செலவாக நீரின் ஏற்புத்திறன் குறையும். இப்போதே காற்றில் 10 விழுக்காடு கூடினால் மேல்நீரின் மொத்தக் கார்பன் ஏறத்தாழ 1 விழுக்காடுதான் கூடும். வெப்பநீர் வாயுவை இன்னும் குறைவாகவே கரைக்கும். மேல்நீரின் பிஎச் 8.2-லிருந்து 8.1-க்கு வந்துவிட்டது. சிறிதாகத் தெரிகிறது, ஆனால் அது மடக்கை அளவு. ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. சிப்பியும் பவளமும் ஓடு கட்ட வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது.

நிலத்தின் பங்கு ஆண்டுக்காண்டு தள்ளாடுவது. எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு) வெப்பமண்டலக் காடுகள் வறண்டு, தீயும் பற்றி, குறைவாகவே உறிஞ்சும். 2023-லிருந்து 2024-க்கு உலகச் சராசரி 3.5 பிபிஎம் தாவியது, 1957-இல் நவீன அளவீடு தொடங்கியதிலிருந்து இதுவே பெரிய தாவல். எரிபொருள் பயன்பாடு அந்த ஓராண்டில் அவ்வளவு தாவவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்தில்.

இன்னொரு குழப்பம்: "ஒரு மூலக்கூறு நாலைந்து ஆண்டுதான் காற்றில் இருக்கும்." அது இடம் மாற்றிக்கொள்ளும் காலம். ஒன்று கடலுக்குள் போகும்போது வேறொன்று வெளியே வரும். கூடுதலான அளவு வடிவதற்கு நூற்றாண்டுகள் வேண்டும். ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கும்.

#15 மாடிவானிலை

அனைவருக்கும் நன்றி. பழைய பத்து மாதத் தரவைத் திருத்திப் பயன்படுத்த முடியுமா? இனிமேல் எதையெல்லாம் பதிந்து வைப்பது?

#16 பற்றாசு

பழையதைப் போக்குக்குப் பயன்படுத்த முடியாது. ஏபிசி எந்தெந்த நேரத்தில் எவ்வளவு நகர்த்தியது என்பது எங்கும் பதிவாகியிருக்காது. ஒரே நாளுக்குள் விடியலுக்கும் பிற்பகலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி நிமிடத்துக்கு ஒரு வரி: நேரம், சென்சார் தந்த எண் திருத்தாமல் அப்படியே, காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம். திருத்தம் செய்த நாட்களைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். மின்வழங்கி 5 வோல்ட்டில் நிலையாக இருக்கட்டும். விளக்கு எரியும் கணத்தில் இது 150 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும், வோல்ட் சரிந்தால் எண்ணும் சரியும். விடியலில் பெட்டிக்குள் நீர் கோத்தால் ஒளியறையின் சுவர் மங்கி அளவு ஏறும். அதற்குப் பெட்டியின் அடியில் துளையும், உள்ளே சிறு விசிறியும் போதும்.

#17 காற்றளவி

"திருத்தாமல் அப்படியே" என்பதைப் பற்றாசு சும்மா சொல்லவில்லை. உலக அளவுகோலையே சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தார்கள், 2007 அளவுகோலிலிருந்து 2019 அளவுகோலுக்கு. 400 பிபிஎம் அருகில் எல்லா எண்ணும் சுமார் 0.2 ஏறியது. மூலத் தரவு இருந்ததால் பழைய ஆண்டுகளின் அளவுகளையும் புதிய அளவுகோலில் மீண்டும் கணக்கிட முடிந்தது. நீங்களும் பிற்காலத்தில் நல்ல குறிப்பு உருளையோடு உங்கள் சென்சாரை ஒப்பிட நேர்ந்தால், இன்று எழுதும் வரிகளை அன்று திருத்திக்கொள்ளலாம். திருத்திய எண்ணை மட்டும் சேமித்திருந்தால் அதற்கு வழியே இல்லை.